நூற்று எண்பத்தாறு பொய்

"நேத்து வரைக்கும் நூத்தி எண்பத்தாறு பொய் சொல்லியிருக்கீங்க" என்றார் அருமைநாயகம்.

இசக்கியம்மாள் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணினீங்களா, சார்?"

"எண்ணாம? முப்பத்திநாலு வருசம் சர்வேயர் வேலை பார்த்தவன்."

லேசுப்பட்ட மனுசன் இல்லை அவர். சொந்த மச்சினன் காம்பவுண்டுச் சுவர் அரை அடி வெளியே நிற்குதென்று எழுதிக் கொடுத்தவர். அந்த வீட்டில் இன்றைக்கும் அவருக்குக் காப்பித்தண்ணி கிடையாது.

ரிட்டையர் ஆகும்வரை அவருக்கு சைக்கிள் விடத் தெரியாது. பாளையங்கோட்டை மைதானத்தில் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்து பழக்கியவள் இசக்கி. அவர் பெண்ணைவிட இரண்டு வயது சின்னவள். அன்றிலிருந்து அவருக்கு அவள் மாஸ்டர். அவள் பின்னாடியேதான் இஸ்தான்புல்லில் கிளம்பி, தொண்ணூற்று நான்கு நாள் மிதித்து, போர்ச்சுகல் வந்து சேர்ந்திருந்தார்.

இன்னும் ஒரே ஒரு குன்று. அதற்கு அந்தப் பக்கம் கடல். கடலில் முன்சக்கரத்தை நனைத்தால் பயணம் முடிந்தது.

"ஒவ்வொரு ஏத்தத்திலயும் கேட்டேன். இன்னும் ஏத்தம் இருக்கான்னு. ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னீங்க?"

"இதுதான் கடைசின்னு சொன்னேன்."

"ஆல்ப்ஸ் மலை அடிவாரத்துல நின்னுக்கிட்டு சொன்னீங்க! நானும் நம்பினேன்!"

இசக்கி பாதிப் பழத்தை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஏன் பொய் சொன்னீங்க? எனக்கு இன்னைக்கு பதில் தெரியணும். சொல்லலைன்னா, சக்கரத்தை நனைச்ச கையோட உங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மாஸ்டர்னு கூப்பிட மாட்டேன்."

இந்த வயதில் அவருக்குக் கிடைத்த ஒரே குரு. அவளும் இப்படிப் புளுகினால் மனுசன் யாரைத்தான் நம்புவது?

"ஏறுங்க சார். இதுதான் கடைசி."

"நூத்தி எண்பத்தேழு" என்றார் அவர்.

ஆனால் இந்தத் தடவை அது நிசம். உச்சிக்குப் போனதும் கடல் தெரிந்தது. இறக்கம் சல்லென்று ஓடியது. அவருக்குத்தான் சந்தோசமே வரவில்லை. கடைசியாக உண்மை சொன்னால் ஆச்சா?

பாதி இறக்கத்தில் எதிரே ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். வெள்ளைக்காரன், நாற்பது வயதிருக்கும். புத்தம்புது சைக்கிள், நான்கு பக்கமும் மூட்டை. முகம் செக்கச்செவேலென்று வெந்துபோயிருந்தது.

அருமைநாயகம் பிரேக் பிடித்தார். இசக்கியும் நின்றாள்.

அவன் இங்கிலீஷில் பேசினான். இன்று காலையில்தான் கடற்கரையில் கிளம்பினானாம். இஸ்தான்புல் வரை போகவேண்டுமாம். இந்த ஏற்றத்திலேயே உயிர் போகிறதாம். திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறானாம்.

"நீங்க அந்தப் பக்கமிருந்துதானே வர்றீங்க? இதுமாதிரி ஏத்தம் இன்னும் இருக்கா?"

அருமைநாயகம் இசக்கியைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருக்கு ராசா, நூத்தி எண்பத்தாறு இருக்கு. ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்றுகூட அவரால் ஒப்பிக்க முடியும். பைரனீஸ் மலை ஏற்றத்தில் ரோட்டோரம் உட்கார்ந்து அழுத இடம்கூட அடையாளம் சொல்வார்.

அவன் சைக்கிள் கைப்பிடி கடற்கரைப் பக்கம் பாதி திரும்பியிருந்தது. கண் மட்டும் இவர் வாயையே பார்த்தது.

"ஏத்தமா? இது ஒண்ணுதான் தம்பி" என்றார் அருமைநாயகம் இங்கிலீஷில். "மேல போயிட்டீங்கன்னா, அப்புறம் இஸ்தான்புல் வரைக்கும் இறக்கம்தான். மிதிக்கவே வேண்டாம்."

அவன் முகத்தைப் பார்க்கணுமே! இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சைக்கிள் மேலேயே ஏறி உட்கார்ந்து மிதித்தான். வளைவு தாண்டி மறைந்தும் போனான்.

அருமைநாயகத்துக்குக் காது இரண்டும் சுட்டது.

"தப்பா சொல்லிட்டனா, மாஸ்டர்?"

இசக்கி வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நான் ஒத்தை ஒத்தை மேடாத்தான் சார் பொய் சொன்னேன். நீங்க ஒரே மூச்சுல ஐரோப்பாவையே தரைமட்டமாக்கிட்டீங்களே!"