விறைத்துக்கொண்ட ஏட்டையா

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு.

குரு மெகரூன், கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவள். சீடர் அரங்கநாயகம், ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ரத்த அழுத்தம் குறைய மீன் வளர்க்கச் சொன்னார் டாக்டர். மீன் வளர்ந்தது. அழுத்தமும் கூடவே வளர்ந்தது.

அவரிடம் இருப்பது ஒரு கவசக் கெளுத்தி. ஒன்றரை அடி நீளம். உடம்பின் இரு பக்கமும் வரிசையாக முள் வைத்த தகடுகள். பார்த்தால் பயமாக இருக்கும்; ஆனால் பக்கத்தில் நீந்தும் பொடி மீனைக்கூடத் தொடாத சாது. பகல் முழுக்க மரக்கட்டைக்கு அடியில் அசையாமல் கிடப்பதால், ஏட்டையா என்று பெயர் வைத்திருந்தார்.

"கூப்பிட்டா ஏன்மா வெளிய வர மாட்டேங்குறான்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நீங்க கூப்பிடறீங்களே, அதனாலதான் சார்" என்றாள் மெகரூன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குப் போன் வந்தது.

"அம்மா, ஏட்டையாவைப் பெரிய தொட்டிக்கு மாத்தலாம்னு வலை போட்டேன். வலையை விட்டு வர மாட்டேங்குறான். உறுமுறான் வேற!"

"இழுக்காதீங்க சார். தண்ணிக்குள்ளயே வைங்க. வந்துட்டேன்."

மெகரூன் வந்து பார்த்தாள். ஏட்டையா தொட்டிக்குள் வலையோடு கிடந்தது. இரண்டு பக்கத் துடுப்பு முள்ளையும் அகல விரித்து விறைத்திருந்தது. முள்ளின் ரம்பப் பற்களில் வலைநூல் சிக்கியிருந்தது.

"இழுத்தீங்களா?"

"லேசா."

"அரை மணி நேரமா லேசா" என்றார் மனைவி கோமளா.

"ஆன்ட்டி, கத்தரிக்கோல் எடுத்துட்டு வாங்க. வலையை வெட்டணும்."

கோமளா உள்ளே போனார்.

"வெட்டறதா?" அரங்கநாயகம் வலைப்பிடியை இன்னும் இறுக்கினார். "வெட்டினா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். ஒரே ஒரு இழு. படிஞ்சிடுவான்."

"முள் ஒடிஞ்சிடும் சார். புண்ணாச்சுன்னா பிழைக்கறது கஷ்டம்."

அவர் முகம் வாடிவிட்டது. அந்த மீன் மேல் அவருக்கு உயிர். ஆனாலும் பிடியை விடவில்லை.

"நான் என்ன அடிக்கவா போறேன்? நல்ல இடத்துக்குத்தானே கூப்பிடறேன்? எதுக்கு விறைக்கறான்? முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்மா. குத்தம் பண்ணாதவன் விறைச்சு நான் பார்த்ததே இல்ல."

குரு மேசை மேலிருந்த இன்னொரு வலையை எடுத்தாள். சீடரின் இடது கையில் மாட்டினாள். ஒரு முறுக்கு முறுக்கி, வெடுக்கென்று இழுத்தாள்.

அரங்கநாயகம் காலை ஊன்றினார். முழங்கை பக்கவாட்டில் விரிந்தது. தோள் இரண்டும் காது வரை ஏறின. தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வந்தது.

அவள் இன்னும் பலமாக இழுத்தாள். அவர் இன்னும் விறைத்தார்.

"விடும்மா! என்ன பண்றே நீ? விடு!"

குரு விடவில்லை.

"நீங்க என்ன குத்தம் பண்ணீங்க சார்?"

கோமளா கத்தரிக்கோலோடு வந்து நின்றார். பதிலைக் கேட்க அவருக்கும் ஆசையாக இருந்தது.

அரங்கநாயகம் ஏட்டையாவின் வலைப்பிடியை மெதுவாக விட்டார். பிறகு மனைவியிடம் கத்தரிக்கோலுக்காகக் கையை நீட்டினார்.