கோதண்டத்தின் கழுத்து

நம்புவது உங்கள் இஷ்டம். ஈரோட்டில் ஜியு-ஜிட்சு என்கிற மல்யுத்தம் பழகிய கோதண்டத்துக்கு ஏழு வருஷமாக இடுப்பில், புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டுகிற அதே வெள்ளைப் பட்டைதான். எதிராளி கழுத்தை மடக்கிப் பிடித்தால் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டித் தட்டியே அவருக்கு உள்ளங்கை காய்த்துவிட்டது. யாருக்காவது அடுத்த படியான நீலப் பட்டை தருவதென்றால், மாஸ்டர் மார்த்தாண்டன் அவர்களைக் கோதண்டத்தோடுதான் மோதவிடுவார். மடக்கியவருக்கு நீலம். இதுவரை பதினோரு பேர், மாஸ்டரின் மாப்பிள்ளை உட்பட.

பட்டை வழங்கும் நாளில் எல்லார் முன்னாலும் மாஸ்டர் மீசையை நீவினார். "யோவ் கோதண்டம், இன்னைக்கு ஒரு நீலப் பட்டைக்காரனையாவது ஜெயிச்சுக் காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து இங்க வராதே. நீயெல்லாம் ஒரு ஆளா?"

"ஆளே இல்லைங்க மாஸ்டர்," என்றார் கோதண்டம் பணிவாக. "எங்க வீட்டுத் தலகாணிகூட என்னை ஜெயிச்சுப்போடும். அதனால, என்னை ஜெயிச்சதுக்குக் குடுத்த பதினோரு பட்டையையும் திருப்பி வாங்கிப்போடுங்க. உங்க மாப்பிள்ளைகிட்ட இருந்து ஆரம்பிக்கலாங்களா?"

பதினோரு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாஸ்டரையே பார்த்தார்கள். மாஸ்டர் இருமினார். பிறகு தன் கையாலேயே கோதண்டத்துக்கு நீலப் பட்டையைக் கட்டிவிட்டார்.

அடுத்த ஆட்டத்திலேயே, முந்தாநாள் சேர்ந்த ஒருத்தி அவரை மடக்கிவிட்டாள். தட்டினார். ஆனாலும் நீலப் பட்டைக்காரர் தட்டுகிற கம்பீரமே தனி.