ஃபிரிட்ஜில் கொள்ளாத நானோ துகள்

சாரல்பட்டிக் கல்லூரியின் வேதியியல் துறையில் மூன்று பேர் கரியிலிருந்து ஒளிரும் நானோ துகள் எடுக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மூவரில் மூத்தவன் சொரிமுத்து. அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. மகன் எண்ணெய் விளக்கில் கரி பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டதும், "இதுக்கு நம்ம சூளையிலேயே இருந்திருக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை சொரிமுத்துவின் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. மற்ற இருவர் கோமதிநாயகமும் முப்பிடாதியும். அவர்கள் வயிற்றில் கல் எதுவும் இல்லை. எப்போதும் நன்றாகப் பசிக்கும்.

ஆய்வகத்துக்கு ஒரு கண்டம் வந்திருந்தது. கல்லூரி பேண்டு வாத்தியங்களை வைக்க இடமில்லை. முதல்வர் அம்பலவாணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை மதியம் வந்து பார்ப்பேன், ஏதாவது ஒளிர்ந்தால் அறை உங்களுக்கு, இல்லையென்றால் பேண்டுக்கு. பெரிய டிரம் ஒன்று ஏற்கெனவே வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிட்டது. அறை போனால் ஆராய்ச்சி போகும். ஆராய்ச்சி போனால் சொரிமுத்துவுக்குச் சூளைதான்.

அந்த நேரம் பார்த்து, வழிகாட்டியான ஜெபமலர் மேடம் அக்கா மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போக வேண்டியிருந்தது. கிளம்புமுன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எண்ணெய் விளக்கை ஏற்றுங்கள். காற்றுப் பட்டுத் தீ ஆடக் கூடாது. மேலே குளிர்ந்த தட்டைப் பிடித்தால் கரி படியும். அந்தக் கரியை அமிலத்தில் கொதிக்க வைத்து, சோடா சேர்த்து, வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரில்தான் நானோ துகள் இருக்கும். இருட்டறையில், புற ஊதா விளக்குக்குக் கீழே, பளிச்சென்று ஒளிரும். ஒளிர்ந்ததும் வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, பெயர் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

"துகளைக் கண்ணால பாக்க முடியுமா மேடம்?" என்று கோமதிநாயகம் கேட்டான்.

"முடியாது. அவ்வளவு சின்னது."

"அப்ப தொலைஞ்சு போனா எப்படித் தெரியும்?"

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

திங்கள் காலையில் விளக்கை ஏற்றினார்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினார்கள். அப்படியும் தீ ஆடியது. மூன்று பேர் மூச்சுவிட்டால் ஆடத்தானே செய்யும் என்றாள் முப்பிடாதி. ஆளுக்குக் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கினார்கள். கோமதிநாயகம் அடக்கி அடக்கி, கடைசியில் மொத்தமாக விட்டதில் விளக்கு அணைந்தேபோனது.

அடுத்து குளிர்ந்த தட்டு. தட்டை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால், விளக்குக்கு வருவதற்குள் சூடாகிவிடுகிறது. ஆகவே விளக்கைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்கள். உள்ளே காற்றும் கிடையாது, குளிருக்கும் பஞ்சமில்லை. கதவைச் சாத்தினார்கள். திறந்து பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. ஏற்றிச் சாத்தினார்கள். மறுபடியும் அணைந்திருந்தது.

கோமதிநாயகம் வெகுநேரம் யோசித்தான். "ஏல, ஃபிரிட்ஜுக்குள்ள இருக்க பல்பு, கதவைச் சாத்துனா அணையுதுல்லா? அதைப் பாத்து வெளக்கும் பழகிட்டு."

சொரிமுத்துவுக்கு அது நியாயமாகப் பட்டது. பல்பைக் கழற்றிவிட்டு, கெட்ட சகவாசம் இல்லாமல் விளக்கைத் தனியாக வைத்துச் சாத்தினார்கள். அப்போதும் அணைந்தது. பழகின பழக்கம் லேசில் போகாது என்றாள் முப்பிடாதி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அணைவதற்குள் கொஞ்சம் கரி தட்டில் ஒட்டியிருந்தது. ஒரு டப்பா தீக்குச்சி தீர்ந்தபோது தேவையான கரி சேர்ந்துவிட்டது.

கொதிக்கவைத்ததில் குறை சொல்ல எதுவுமில்லை. வடிகட்டும்போதுதான் மனசு கேட்கவில்லை. கறுப்பெல்லாம் வடிதாளில் தங்கிவிட்டது. கீழே மஞ்சளாய், வடித்த கஞ்சி மாதிரி ஏதோ இறங்கியது.

"பாடுபட்டுச் சேத்த கரியைத் தூரப்போட்டுட்டு வெறுந்தண்ணியை வச்சுக்கணுமாக்கும்" என்று முப்பிடாதி முகத்தைச் சுளித்தாள்.

"மேடம் சொன்னாங்கல்லா. அப்படியே செய்வோம்" என்றான் சொரிமுத்து. நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

குடுவையை இருட்டறைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே உச்சியில் புற ஊதா விளக்கு மங்கலாக எரிந்தது. மேடம் இருட்டறை என்றுதானே சொன்னார், விளக்கு எரிந்தால் அது எப்படி இருட்டறை ஆகும் என்று கோமதிநாயகம் முன்னால் போய் அதை அணைத்தான். பிறகு குடுவையை மேசையில் வைத்து, கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டார்கள். இப்போது நல்ல இருட்டு. மூன்று பேரும் குடுவை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எதுவும் ஒளிரவில்லை. சொரிமுத்துவின் கண் முன்னால் செங்கல் அடுக்கடுக்காக எழும்பியது.

"நாம பாத்துக்கிட்டே நிக்கதால வெக்கப்படுதோ என்னமோ" என்றாள் முப்பிடாதி. மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

அப்போது வராந்தாவில் டிரம்மில் யாரோ இடித்துக்கொண்டது போல ஒரு சத்தம். கதவு திறந்து மூடியது. இருட்டுக்குள் வந்த முதல்வர், சுவரைத் தடவி, கையில் அகப்பட்ட சுவிட்சைப் போட்டார். அது புற ஊதா விளக்கின் சுவிட்ச்.

முதல்வர் வெள்ளை வேட்டி சட்டைக்குப் பேர்போனவர். புற ஊதாவில் ஒளிரக்கூடிய சோப்புத்தூளில் ஊறி ஊறி வெளுத்த துணி. வெளிச்சம் விழுந்ததும் தோளிலிருந்து பாதம்வரை நீலவெள்ளையாகச் சுடர்விட்டுக்கொண்டு நின்றார்.

மூவரும் கைகூப்பிவிட்டார்கள். சொரிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "வந்துட்டு" என்றான். மேசையில் அந்தக் குடுவையும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. இடைஞ்சலாக இருக்கிறதென்று முப்பிடாதி அதை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தாள்.

"சார், அசையாம நில்லுங்க. ஒளிருறீங்க" என்றான் கோமதிநாயகம்.

முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அது மேடைதோறும் சால்வை வாங்கிப் பழகிய தோள். யார் எதைக் கொண்டுவந்து போர்த்தினாலும் தானாகக் குனிந்து கொடுக்கும். அலுமினியத் தாளைக் கழுத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தபோதும் குனிந்து கொடுத்தார். "எதுக்குப்பா இதெல்லாம்" என்று சிரிக்கக்கூடச் செய்தார். ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய், ஃபிரிட்ஜின் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தபோதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது. அதற்குள் கையும் காலும் தாளுக்குள் போயிருந்தன.

மூவரும் தம் பிடித்துத் தள்ளிப் பார்த்தார்கள். தலையிலிருந்து இடுப்புவரைதான் போனது. சாத்தினால் கதவு இடுப்பில் இடித்தது.

சொரிமுத்து மேடத்துக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். அங்கே நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், ஒளிர்ந்துட்டு."

"நிஜமாவா சொரிமுத்து? எவ்வளவு கிடைச்சுது?"

"நெறைய மேடம். ஃபிரிட்ஜுல கொள்ள மாட்டேங்குது."

"அதுக்கென்ன, ரெண்டாப் பிரிச்சு வைங்க. முகூர்த்தம் ஆகுது, வைக்கட்டுமா?"

போன் நின்றது. ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து முதல்வரின் குரல் வந்தது. குளிரில் பல் தந்தியடித்தாலும் வார்த்தை தெளிவாகவே இருந்தது. அறை உங்களுக்குத்தான், என்றைக்கும் உங்களுக்குத்தான், டிரம்மை என் வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்றார்.

சொரிமுத்துவுக்கு வயிற்றிலிருந்த கல் இறங்கியது. இனி அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். ஆனாலும் அவன் நேர்மையானவன். காரியம் முடிந்துவிட்டதென்று மேடம் சொன்னதைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. பெயர் எழுதிய சீட்டை எடுத்து, பின்பக்கம் பசை தடவி, முதல்வருக்குப் பக்கத்தில் மரியாதையாகக் குனிந்தான்.

"சார், சீட்டு ஒண்ணுதான் எழுதினேன். எந்தப் பாதியில ஒட்டட்டும்?"