எறும்புதின்னி காயா, இறைச்சியா?

முள்ளிக்காட்டில் மழை பொய்த்த வருடம் அது. ஓடைகளெல்லாம் வற்றி ஒரே ஒரு மடு மிஞ்சியது. மானும் அங்கேதான் குடிக்க வேண்டும். மானைத் தின்னும் சிறுத்தையும் அங்கேதான் குடிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வருடங்களுக்கென்று அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லா மிருகங்களும் முன்னங்காலை மடுச் சேற்றில் பதித்து, மழை வரும்வரை இறைச்சியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்யும். மீறினால் மடுவில் தண்ணீர் கிடையாது. கரையைச் சுற்றிக் காட்டெருதுகள் காவல் நிற்கும். அவற்றின் கொம்பை ஒரு தடவை பார்த்தால் போதும், சத்தியம் நன்றாக நினைவில் நிற்கும்.

சத்தியத்தில் ஒரு ஓட்டை இருந்தது. இறைச்சி என்றால் என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

முதலில் மாட்டியது கரடி. காட்டின் வழக்குகளைத் தீர்க்கும் நடுவரும் அதுதான். மூக்கு முழுக்கக் கரையான் ஒட்டியிருக்க, புற்றுக்குள் தலையை விட்டபடி அகப்பட்டுக்கொண்டது.

"நடுவரே, இது இறைச்சி இல்லையா?" என்று கேட்டது குரங்கு.

கரடி மூக்கைத் துடைத்துக்கொண்டது. "கரையான் மண்ணில் விளைகிறது. மண்ணில் விளைவது தானியம். இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா?"

அலங்கி என்ற எறும்புதின்னி எல்லாருக்கும் முந்திக் கையைத் தூக்கியது. "சரியான தீர்ப்பு, நடுவரே. தானியமேதான்."

அலங்கிக்குக் கரையானையும் எறும்பையும் விட்டால் வேறு சாப்பாடு தெரியாது. கையைத் தூக்கியபோது அது வேறெதையும் யோசிக்கவில்லை.

ஓரி என்ற நரி யோசித்தது. இலந்தைப்பழம் தின்று தின்று அதன் நாக்கு தடித்துப் போயிருந்தது. மறுநாளே ஒரு மீனைக் கவ்விக்கொண்டு கரடி முன்னால் வந்து நின்றது.

"நடுவரே, இது நடக்கிறதா? இல்லை. கத்துகிறதா? இல்லை. வேர் மாதிரி தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. இது காய்தானே?"

தானியம் தின்ற வாயால் கரடிக்கு மறுக்க முடியவில்லை. மீன் காய் ஆனது.

அதற்குப் பிறகு ஓரிக்கு ஓய்வே இல்லை. நண்டு கொட்டை வகையாம். ஓட்டை உடைத்துப் பருப்பைத் தின்கிறோம், அவ்வளவுதான். நத்தை, சிப்பிக்குள் ஊறிய கூழ். தவளை, கொஞ்சம் துள்ளும் பாசி. முள்ளம்பன்றி முட்புதர் என்று தீர்ப்பான அன்று, அந்தப் புதரைச் சிறுத்தை வேரோடு தின்று தீர்த்தது. "வேர் நல்ல கொழுப்பு" என்று உதட்டை நக்கிக்கொண்டது.

காடே தலைகீழானது. முன்பெல்லாம் இறைச்சியாக இருப்பதற்குப் பயந்த மிருகங்கள், இப்போது இறைச்சி இல்லாமல் போய்விடுவோமோ என்று பயந்தன. முயல் வழியில் கண்டவரிடமெல்லாம் தன் தொடையைத் தட்டிக் காட்டியது. "பாருங்கள், எவ்வளவு சதை!" மயில் தோகையை விரிப்பதை விட்டது; விரித்தால் பூ என்று சொல்லிவிடுவார்களே! காட்டுப்பன்றி மண்ணைத் தோண்டப் பயந்தது. யாராவது கிழங்கு என்று நினைத்துக்கொண்டால்? கலைமானோ தன் கொம்பை ஒவ்வொருவரிடமும் நீட்டி, "இது கிளை இல்லை, தொட்டுப் பாருங்கள், கிளையே இல்லை" என்று கெஞ்சியது.

அலங்கி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில் மடுவுக்கு வந்தபோது ஓரி வழியை மறித்தது.

"வாங்க அக்கா. உங்களைப் பற்றித்தான் பேச்சு."

எல்லா மிருகங்களும் கூடியிருந்தன. கரடி பாறைமேல் உட்கார்ந்திருந்தது.

"மீனுக்குச் செதில் உண்டு" என்று ஆரம்பித்தது ஓரி. "அக்காவுக்கும் உண்டு. மீன் காய் என்பது நம் தீர்ப்பு. அப்படியானால் அக்கா யார்?"

"செதில் இருந்தால் காயா?" என்றது அலங்கி.

"அதுமட்டுமா? தொட்டால் பலாக்காய் மாதிரி உருண்டுகொள்கிறீர்கள். வாயில் ஒரு பல் கிடையாது. பல்லில்லாத மிருகத்தை யாராவது பார்த்திருக்கிறோமா?"

சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது. "தோலை உரிக்கிற வேலையை என்னிடம் விடலாம்."

அலங்கி கரடியின் பக்கம் திரும்பியது. "நான் இறைச்சிதான், நடுவரே. சத்தியமாக இறைச்சி."

"அன்றைக்குக் கரையானைத் தானியம் என்று முதலில் கையைத் தூக்கியது யார்?" என்றது ஓரி. "கரையானும் தன்னை இறைச்சி என்றுதான் சொல்லியிருக்கும். நாம் கேட்கவில்லை."

அலங்கி தலையைத் தாழ்த்தியது. "கேட்கவில்லைதான். அன்று கையைத் தூக்கியது என் வயிறு."

"ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இன்று என் வயிறு தூக்குகிறது" என்றது ஓரி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கரடி தொண்டையைச் செருமியது. "எறும்புதின்னி, நீ இறைச்சி என்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா?"

ஓரியே வழி சொன்னது. "இதில் என்ன கஷ்டம், நடுவரே? ஒரு கடி கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்."

"நியாயம்தான்" என்று கூட்டம் முணுமுணுத்தது. தன்னைக் கடிக்காதவரை அந்தக் காட்டில் எல்லாருக்கும் எல்லாமே நியாயம்தான்.

உருண்டுகொள்ளலாமா என்று நினைத்தது அலங்கி. உருண்டால் பலாக்காய் என்று தீர்ப்பாகிவிடும். ஓடலாம் என்றால் அதன் நடை ஆமைக்கே சிரிப்பு வரவழைக்கும். பயத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டில் ஒரு கேள்வி மட்டும் தட்டுப்பட்டது.

"தம்பி ஓரி, கடிக்கப்போவது யார்?"

"வேறு யார் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வார்கள்? நான்தான்."

"சரி, கடித்துக்கொள். ஆனால் கடித்த பிறகு நான் இறைச்சி என்று தெரிந்தால் என்ன ஆகும்?"

கரையில் நின்ற காட்டெருது ஒன்று பதில் சொன்னது. "இறைச்சியைக் கடித்தவருக்கு மடுவில் தண்ணீர் கிடையாது."

"தெரிந்தால்தானே!" என்றது ஓரி அவசரமாக. "ருசி பார்த்து நானே சொல்கிறேன்."

"நீ ஏன் சொல்ல வேண்டும்?" என்றது அலங்கி. "அதோ, அந்த மரத்தில் பிணந்தின்னிக் கழுகு உட்கார்ந்திருக்கிறது. சத்தியத்தால் அதுவும் பட்டினி. என்னை இறைச்சி என்றாலும் அதற்கு ஒரு துண்டு கிடைக்காது, காய் என்றாலும் சிறுத்தை மிச்சம் வைக்காது. அது சொல்லட்டும்."

எல்லாரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கழுகு மொட்டைத் தலையை மெல்லத் திருப்பியது.

"ஒரு சொட்டு ரத்தம் விழட்டும்" என்றது. "சொல்லிவிடுகிறேன். அந்த வாசனையைத்தான் கனவில்கூட முகர்ந்துகொண்டிருக்கிறேன்."

காட்டெருதுகள் ஓரியின் பக்கம் கொம்பைத் திருப்பின. ஓரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

"இன்றைக்குப் பார்த்து என் பல் கூசுகிறது" என்றது. "சிறுத்தை அண்ணன் கடிக்கட்டுமே. நல்ல பழக்கம் உள்ளவர்."

சிறுத்தை சூரியனைப் பார்த்தது. "நல்ல வெயில். எனக்குத் தாகமாக இருக்கிறது. நான் தண்ணீர் குடிக்கத்தான் வந்தேன்."

"அப்படியானால் நடுவரே..."

"நடுவர் ருசி பார்ப்பது முறையில்லை" என்று கரடி பாறையிலிருந்து சற்றுப் பின்னால் நகர்ந்துகொண்டது.

அலங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

"நான் காய் என்பதில் உங்கள் எல்லாருக்கும் நிச்சயம்தான். ஆனால் அந்த நிச்சயத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீரைப் பணயம் வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. நான் மட்டும் என் உயிரை வைக்க வேண்டும். அப்படித்தானே?"

முயல் தன்னை மறந்து, "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு, கலைமானின் பின்னால் ஒளிந்துகொண்டது.

கரடி தலையைச் சொறிந்தது. பிறகு புதுத் தீர்ப்பு சொன்னது. இனி ஓர் உயிரை இறைச்சி இல்லை என்று சொல்ல வருபவர், முதலில் தன் தண்ணீரைப் பணயம் வைக்க வேண்டும். கழுகு முடிவு சொல்லும். பழைய தீர்ப்புகளுக்கும் இதே விதிதான்.

"கரையான்?" என்று கேட்டது குரங்கு.

"அதற்கெல்லாம் நான் இறங்குவதில்லை" என்றது கழுகு. கரடி நிம்மதியாக மூச்சு விட்டது. கரையானை இன்றும் யாரும் கேட்கவில்லை என்பதால், அலங்கிக்கு மட்டும் அந்த நிம்மதி முழுதாக வரவில்லை.

அன்று மாலை சிறுத்தை முகத்தைச் சுளித்தபடி வெள்ளரிக்காய் மென்றது. ஓரி இலந்தை மரத்தடியில் குந்தி, ஒவ்வொரு பழமாக முகர்ந்து பார்த்துத் தின்றது. மடுவில் மீன்கள், தாங்கள் மறுபடி இறைச்சியாகிவிட்ட சந்தோஷத்தில், கரையேறி விழுந்துவிடும் உயரத்துக்குத் துள்ளின.

பிறர் உயிரில் சந்தேகம் கிளப்புகிறவர், அதற்கான நஷ்டத்தை முதலில் தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.