ஆள்காட்டி மரத்தை விட்டு இறங்கிய கதை

மனிதனும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி தரையில் வாழவில்லை. பெரிய ஏரிக்கரையில் நின்ற மருதமரத்து உச்சியில் கூடு கட்டியிருந்தது. மரத்தைக் கொடுத்தவள் அரசி குறுங்கோதை. எதிரி வந்தால் குருவி கத்த வேண்டும். அது கத்தினால், ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருந்த கீழ்க்கரைச் சனங்கள் மாடு கன்றை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவார்கள்.

அரசியின் புருஷனைப் பக்கத்து நாட்டு ராஜா போரில் கொன்றிருந்தான். மகன் தொட்டிலில் கிடந்தான். "கப்பம் கட்டிவிடலாம், தாயே" என்றார்கள் மந்திரிகள். கட்டினால் தன் பிள்ளை அந்தக் கொலைகாரன் காலடியில் வளர வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் படை புறப்பட்ட சேதி வந்ததும் அரசி தனியாக மரத்தடிக்கு வந்தாள்.

"ஆள்காட்டி, நாளைக்கு நீ கத்தக் கூடாது."

"கத்தாவிட்டால் கீழ்க்கரை என்ன ஆகும், தாயே?"

"படை பள்ளத்தில் இறங்கியதும் ஏரிக்கரையை வெட்டப் போகிறேன். நீ கத்தினால் சனம் ஓடும். சனம் ஓடுவதைப் பார்த்தால் அவன் இறங்குவானா?"

"அப்படியென்றால் சனங்கள்?"

"வெட்டுவதற்கு முன்னால் என் ஆட்கள் கிழக்குப் பக்கமாக வந்து கூட்டிப் போவார்கள். அது என் பொறுப்பு. உன் கூட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது."

ஆள்காட்டி நம்பியது. கூட்டில் முட்டை இருந்ததால் நம்புவது சுலபமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் மேற்கே புழுதி கிளம்பியது. நாற்றங்காலில் நின்ற கீழ்க்கரை உழவன் அழிசி அண்ணாந்து பார்த்தான்.

"என்ன காவல்காரரே, அங்கே வருவது ஆடா, மாடா?"

குருவி பேசவில்லை.

"அரசி சோறு தொண்டையை அடைத்துவிட்டதோ?" என்று சிரித்தான். "நீயே சும்மா இருக்கிறாய். சந்தைக்குப் போகிற வண்டிதான்." மறுபடி குனிந்து நாற்றுப் பறித்தான்.

ஆள்காட்டி கிழக்கே பார்த்தது. ஒருவரும் வரவில்லை. படை பள்ளத்தில் இறங்கிவிட்டது. இப்போதாவது கத்தலாம் என்று வாயைத் திறந்தது. முட்டைகளைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது.

கரை உடைந்தது. படையும் போயிற்று. கீழ்க்கரையும் போயிற்று. அழிசி நின்ற இடத்தில் நாற்றுக்கட்டு ஒன்று சுழன்று மிதந்தது.

அழுது அழுது கண்ணோரம் சிவந்துபோக, குருவி அரசியிடம் வந்தது.

"ஆள் அனுப்புகிறேன் என்றீர்களே?"

"அனுப்பியிருந்தால் எதிரிக்குத் தெரிந்திருக்கும். நாடு பிழைத்ததா இல்லையா, அதைச் சொல்."

"கீழ்க்கரை நாட்டில் சேர்த்தி இல்லையா, தாயே?"

அரசி மகனின் தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டாள். பிறகு, "உனக்கென்ன குறை? உன் மரம் நிற்கிறது. உன் முட்டை நனையவில்லை" என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு அதற்கு மரத்தில் கால் நிற்கவில்லை.

அரசிக்குக் கோயில் கட்டினார்கள். வருஷா வருஷம் பொங்கலும் வைத்தார்கள். கீழ்க்கரைக்கு ஒரு நடுகல்கூட யாரும் நடவில்லை. மறந்தவர்கள் மறக்கட்டும்.

ஆள்காட்டி மறக்கவில்லை. அன்றைக்கு இறங்கியதுதான், இன்றுவரை அது கிளையில் உட்காருவதில்லை. வெள்ளம் வந்தால் முதலில் முழுகுகிற வெறுந்தரையில் முட்டையிடுகிறது. படை வந்தாலும், ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் வந்தாலும், யார் உத்தரவும் கேட்காமல் கத்துகிறது.