ஒன்றையும் உண்டாக்காதது

கண் அறுவை மருத்துவர் அருள்செல்வி நாற்பத்தெட்டு வயதில் மறுபடி மாணவியானார். ஆசிரியை நஸீரா அவரைவிடப் பத்து வயது இளையவர். அருள்செல்வி வேலை பார்க்கும் அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில், செல்லுக்குள் இருக்கும் மிகச் சிறிய மூலக்கூறுகளான மைக்ரோஆர்என்ஏக்களை ஆராய்பவர். குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய்க்காகக் கண்களை எடுத்து எடுத்து அருள்செல்விக்கு மனம் சலித்திருந்தது. எடுக்காமல் காப்பாற்ற வழி உண்டா என்று தேடித்தான் நஸீராவிடம் வந்தார்.

அங்கே அருள்செல்வி முதலில் ஆராய்ந்தது தர்ஷிகா என்ற சிறுமியின் கட்டி. அவளுடைய இடது கண்ணை எடுத்ததும் அவர்தான். கட்டியை ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று கேட்டபோது தாய் முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எடுத்துக்கோங்க என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

முடிவு வந்தது. நல்ல விழித்திரையில் தாராளமாக இருக்கும் ஒரு மைக்ரோஆர்என்ஏ அந்தக் கட்டியில் அநேகமாக இல்லை.

"இதுதான் நோய்க்குக் காரணமா, மேடம்?"

"ஒரே காரணம் இல்லை. இதற்கும் பங்கு இருக்கலாம்."

அருள்செல்விக்கு மனம் ஆறவில்லை. "தூது ஆர்என்ஏக்கள் புரதம் உண்டாக்கச் செய்தி கொண்டுபோகின்றன. இது இத்துனூண்டு. ஒன்றையும் உண்டாக்குவதில்லை. இருந்துதான் என்ன செய்கிறது?"

நஸீரா கையுறையைக் கழற்றினார்.

"இன்றைக்கு அந்தக் குழந்தைக்குப் பரிசோதனை இல்லையா? நானும் வருகிறேன்."

மயக்கம் கொடுத்து தர்ஷிகாவின் வலது கண்ணைப் பார்த்தார்கள். அதிலும் வந்திருக்குமோ என்ற பயத்தில் அருள்செல்வி விழித்திரையின் ஓரம் வரை தேடினார். ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது.

வெளியே வந்து சொன்னதும் முத்துப்பேச்சி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அருள்செல்வியும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆய்வில் கண்டதை மறைக்காமல் சொன்னார். இதனால் தர்ஷிகாவுக்கு இப்போதைக்குப் பயன் இல்லை, என்றைக்காவது வேறொரு குழந்தையின் கண் தப்பலாம் என்றார்.  மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார்.

முத்துப்பேச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இன்னொரு புள்ளைக்கு ஆகும்னா ஆகட்டும் டாக்டரம்மா. எம் மக உசுரோட இருக்கா. ஒத்தக் கண்ணால என்னையப் பாத்துச் சிரிக்கிறா. போதும்."

உள்ளே குழந்தை விழித்து அழுதது. அவள் எழுந்து ஓடினாள்.

ஆசிரியையும் மாணவியும் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார்கள். அருள்செல்விக்குக் கண் கலங்கியிருந்தது; ரொம்ப நாளைக்குப் பிறகு மனமும் நிறைந்திருந்தது. படியேறும்போதுதான் நினைவு வந்தது.

"நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே, மேடம்."

"அந்தத் தாய் கடைசியில் என்ன சொன்னாள்?"

"போதும் என்றாள்."

நஸீரா நின்றார்.

"செல்லுக்கு வளரு, வளரு என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். அந்தத் தாய் சொன்னதைச் சொல்லவும் அங்கே ஒருவர் வேண்டாமா, டாக்டர்?"