டபேதாரின் நடை

"எனக்கு உட்காரக் கத்துக்கொடுங்கம்மா" என்று கேட்டார் உடையப்பன்.

ஆவுடையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக்கொட்டகையில் தனியாக இருப்பவள் அவள். வந்தவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். மலை ஏறுவதையும் இறங்குவதையும் தவிர அவளுக்கு வேறு பூசை கிடையாது. காரியம் ஆக வேண்டியிருந்தால் ஊர் அவளைச் சாமி என்னும், ஆகாவிட்டால் பைத்தியம் என்னும். இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஏன், உட்காரத் தெரியாதா?"

தெரியாது என்றார். மாவட்டக் கோர்ட்டில் டபேதாராக இருந்து போன மாசியில் ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையும், மார்பின் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டையுமாக நீதிபதிக்கு முன்னால் "உஷ்" என்று வழி விலக்கிக்கொண்டே நடப்பதுதான் உத்தியோகம். அந்தச் சத்தம் கேட்டால் எப்பேர்ப்பட்ட வக்கீலும் சுவரோரம் ஒதுங்கியாக வேண்டும்.

ஓய்வு பெற்ற மறுநாளே மகன் தமிழ்வேந்தன் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டான். இனிமேல் நிம்மதியாக உட்காருங்கப்பா என்றான். மருமகளும் அதையே சொன்னாள். எதிர்வீட்டுக்காரர், மாத்திரை கொடுக்கிற டாக்டர், காய்கறிக்காரர் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல அதையே சொன்னார்கள். இவருக்கோ உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எரிந்தது. தெருமுனை வரை போனால்கூட, இந்த வயதில் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று யாராவது பிடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் அவர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

"உட்கார வந்தவருக்கு மலைமேல என்ன பார்வை?" என்றாள் அவள்.

உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கோர்ட் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தால் இந்த மலை தெரியும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதன் உச்சிக்குப் போய் நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"காலையில ஏறுவோம். நீங்க முன்னால நடங்க டபேதாரே."

*

விடிந்ததும் ஏறினார்கள்.

அவர் முன்னால் போனார். பாதையில் ஆடுகள் மறித்தன. "உஷ்" என்றார். ஆடுகள் விலகின. வக்கீல்களைவிட வேகமாகவே விலகின.

ஆவுடையம்மாள் காலில் தைத்த முள்ளை எடுக்க நின்றாள். அவரும் நின்றார். அவள் நடந்தாள், அவரும் நடந்தார். சுனைக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் அவள் சும்மா உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் அத்தனை நேரமும் அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டே இருந்தார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"நீங்க உட்கார்ந்துட்டீங்களே."

"நீங்க திரும்பவே இல்லையே."

உடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. தொப்பை வைத்த ஜட்ஜுக்கு ஒரு நடை, சர்க்கரை வியாதி ஜட்ஜுக்கு ஒரு நடை, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த ஜட்ஜுக்கு வேறு நடை. செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார். எந்த ஜட்ஜுக்கும் ஒரு அடி முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை என்றார்.

"உங்க நடை எது?"

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். உச்சிக்குப் போகாமலே இருவரும் இறங்கினார்கள்.

*

மறுநாள் அவரைத் தனியாக அனுப்பினாள்.

கூழ் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். ஆடுகள் மறிக்கும் இடத்தைக்கூடத் தாண்டவில்லை.

"பின்னால யாரும் வரலைம்மா. கால் நின்னுபோச்சு."

ஆவுடையம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூழை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

உடையப்பனுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவள்மேல் வந்த கோபம்தான் என்று முதலில் நினைத்தார். கூழ் குடித்து முடிப்பதற்குள் அது தன்மேல்தான் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கோபம் இன்னும் கூடியது.

*

அடுத்த நாள் காலையில் கார் வந்து நின்றது.

தமிழ்வேந்தன் கெட்ட பிள்ளை இல்லை. அப்பாவைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடேயே திட்டினான். வீட்டில் சொல்லாமல் கிளம்பியவரைத் தேடாத இடம் இல்லையாம், கடைசியில் பஸ் கண்டக்டர்தான் இடம் சொன்னாராம். மகன் துரத்திவிட்டானா என்று தெருவே கேட்கிறதாம். மலையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் யார் பார்ப்பது என்றான். 'இனி இந்தப் பக்கம் வரவே மாட்டேன்' என்று எனக்குச் சத்தியம் பண்ணிவிட்டு வண்டியில் ஏறுங்கள் என்று கார்க் கதவைத் திறந்துவைத்தான்.

கதவுக்குள் உடையப்பனுக்குக் கார் இருக்கை தெரியவில்லை. பால்கனியும் அந்த நாற்காலியும்தான் தெரிந்தன. இப்போது ஏறினால் இனி ஆயுசுக்கும் அதுதான் என்று அவருக்குப் புரிந்தது. பயமாக இருந்தது.

"நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று மகன் ஆவுடையம்மாளிடம் கெஞ்சினான்.

அவள் உள்ளே போய் உடையப்பனின் துணிப்பையை எடுத்து வந்தாள். பைக்குள் ஒரு வேட்டி, ஒரு துண்டு, பிரிவு உபசாரத்தன்று ஆபீசில் அவருக்கே ஞாபகமாகக் கொடுத்துவிட்ட டவாலி. அவள் டவாலியை மட்டும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் அதை உதறி, மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டார். மலைப்பாதையைப் பார்த்து நடந்தார்.

"என்னப்பா கோலம் இது" என்று ஓடிப்போய்ப் பாதையை மறித்து நின்றான் மகன்.

"உஷ்."

சின்ன வயதில் கோர்ட் வராந்தாவில் விளையாடி வளர்ந்தவன் தமிழ்வேந்தன். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் கால் தானாக ஓரத்துக்குப் போய்விட்டது. போன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

உடையப்பன் அவனைக் கடந்து ஏறினார். முதல் திருப்பம் வந்தது. அவர் நிற்கவில்லை.

கீழேயிருந்து ஆவுடையம்மாள் கேட்டாள்.

"டபேதாரே, பின்னால யாரையும் காணோமே. யார் வர்றாங்கன்னு வழி விலக்குறீங்க?"

அவர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"உடையப்பன் வர்றார்."